ஒரு பாரில் எத்தனை மீன்?

கையகலம்கூட இல்லாத சிறு மீன்கள் ஒரு பவளப் பாரில் நூற்றுக்கணக்கில் மொய்க்கின்றன. அதே ஆழத்தில், அதே பரப்பில், கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு பாரில் பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை எது தீர்மானிக்கிறது? இடமா, இரையா, எதிரியா, அல்லது குஞ்சுகளைக் கொண்டுவந்து சேர்க்கும் நீரோட்டமா? பவளப்பாறை மீன்களின் சூழலியலில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடரும் வாக்குவாதம் இதைச் சுற்றியே நடக்கிறது.

கோலியனூரிலும் விழுப்புரத்திலும் இருப்பவருக்கு இது தொலைதூரச் சர்ச்சையாகத் தோன்றலாம். கோலியனூரிலிருந்து கடல் முப்பது நாற்பது கிலோமீட்டர். மாவட்டத்தின் கடலோரம் மரக்காணத்தைச் சுற்றிய ஒரு குறுகிய துண்டு. அதற்கு எதிரே பெரும்பாலும் மணல்தரை. இயற்கையான பவளத் தொடரைப் பார்க்க இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் போக வேண்டும். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளாகத் தமிழகக் கரையோர மணல்தரையில் கான்கிரீட்டால் பார்கள் இறக்கப்பட்டு வருகின்றன. அவை மீனைப் பெருக்குகின்றனவா, இருக்கிற மீனைத் திரட்டித் தருகின்றனவா என்பதற்கான விடை, மேலே கேட்ட பழைய கேள்வியின் விடைக்குள்தான் இருக்கிறது. அதனால் அந்த விடைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயனுள்ளது.

இடம்தான் வரம்பு

முதல் விடை பொது அறிவுக்கு நெருக்கமானது. பாரில் பொந்துகள் இத்தனைதான், பாசி இவ்வளவுதான். ஆகவே மீனும் இவ்வளவுதான். இதன் பின்னணியில் இருப்பது 1934-இல் ரஷ்ய உயிரியலாளர் காஸ் நுண்ணுயிரிகளை வைத்து எழுதிய போட்டிக் கொள்கை: ஒரே தேவையுள்ள இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் நீண்ட காலம் சேர்ந்து வாழ முடியாது. அப்படியானால் ஒரு பாரில் நூறு இனங்கள் வாழ்வதற்கு, ஒவ்வொன்றும் வேறு இரையையோ வேறு பொந்தையோ வேறு வேளையையோ பங்கிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் ஸ்மித்தும் டைலரும் கரீபியன் கடலில் செய்த ஆய்வுகள் இந்தப் பார்வையை வலுப்படுத்தின. பகலில் ஒரு மீன் விட்டுச் சென்ற பொந்தில் இரவில் இன்னொரு மீன் தங்குகிறது. ஒன்று மேல்நீரில் மிதவையுயிரிகளைத் தின்கிறது, அடுத்தது பாறையில் பாசியைச் சுரண்டுகிறது. பார்த்தவர்களுக்கு அது நன்றாக ஒழுங்குபடுத்தப்பட்ட சமூகமாகவே தெரிந்தது.

இந்த விடையின் பலவீனம் அது எதையும் விளக்கிவிடும் என்பதுதான். இரண்டு இனங்களுக்கு இடையே ஏதாவது ஒரு வேறுபாட்டைத் தேடினால் கிடைக்காமல் போகாது. அந்த வேறுபாடுதான் அவற்றைச் சேர்ந்து வாழ வைக்கிறது என்பதை நிறுவுவது வேறு வேலை. பலர் முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதையும் முடித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

குலுக்கல் கொள்கை

இந்த ஒழுங்கின்மேல் முதல் பெரிய கல்லை எறிந்தவர் பீட்டர் சேல். ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில், ஹெரன் தீவில், உடைந்த பவளக் கற்குவியல்களில் எல்லை வகுத்து வாழும் மூன்று வகை டாம்செல் மீன்களை அவர் கவனித்தார். ஒரு மீன் இறந்தோ விரட்டப்பட்டோ இடம் காலியானால், அடுத்து அங்கே யார் வருகிறார்கள் என்று குறித்துவைத்தார். போனது எந்த இனம் என்பதற்கும் வந்தது எந்த இனம் என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. அந்த நேரத்தில் கடலிலிருந்து எந்தக் குஞ்சு வந்து சேர்ந்ததோ அதற்கே இடம்.

1977-இல் அவர் எழுதிய கட்டுரை இதற்கு லாட்டரி என்றே பெயர் வைத்தது. (நம் மாநிலத்தில் 2003-இல் தடை செய்யப்பட்ட பிறகும் லாட்டரி கடல் சூழலியலில் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது.) பல இனங்கள் சேர்ந்து வாழ்வதற்குத் திட்டமான பங்கீடு தேவையில்லை. யாருக்கு எப்போது சீட்டு விழும் என்பது தெரியாததாலேயே எவரும் முழுதாகத் தோற்பதில்லை.

கவர்ச்சியான விடை, ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. சமமான போட்டியாளர்களுக்கு இடையே வெறும் குலுக்கல் நடந்துகொண்டே இருந்தால், காலப்போக்கில் தற்செயலாகவே ஒரு இனம் மற்றவற்றை வெளியேற்றிவிடும். இதை 1981-இல் செசனும் வார்னரும் கணித முறையில் எடுத்துக்காட்டி, ஒரு திருத்தமும் தந்தார்கள். முதிர்ந்த மீன்கள் பல ஆண்டுகள் உயிர் வாழ வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு குஞ்சு வரத்து மாற வேண்டும். அப்போது நல்ல ஆண்டில் கிடைத்த ஆதாயத்தை ஒரு இனம் வயது வந்த மீன்களின் வடிவில் சேமித்துவைத்து, கெட்ட ஆண்டுகளைத் தாண்டிவிடும். சேலின் கொள்கை இந்தத் துணையோடுதான் நிலைத்தது. ஆனால் நீண்ட ஆயுள் இல்லாத மீன்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியை அந்தத் திருத்தமே எழுப்பிவிட்டது. பவளத்திட்டில் வாழும் பொடி மீன்களில் சில இரண்டு மாதம்கூட வாழ்வதில்லை. எவியோட்டா என்ற மிகச்சிறு உழுவை வகையொன்றின் முழு ஆயுளே 59 நாள் என்று 2005-இல் பதிவானது. அதனிடம் சேமிக்க எதுவும் இல்லை.

குஞ்சு வரத்து

இடம்தான் வரம்பு என்றவர்களும் குலுக்கல் என்றவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: பார் எப்போதும் நிறைந்திருக்கிறது. 1980-களில் பீட்டர் டோஹர்டி அதையே கேள்விக்கு உள்ளாக்கினார். சேல் பார்த்த அதே டாம்செல் இனங்களில் ஒன்றை வைத்து, முதிர்ந்த மீன்களின் நெருக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் சோதித்தார். அவற்றின் சண்டை குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவில்லை. பாரில் இடம் இருந்தது. அதை நிரப்பப் போதுமான குஞ்சுகள்தான் கடலிலிருந்து வரவில்லை. 1983-இல் பெஞ்சமின் விக்டர் பனாமாவில் நீலத்தலைக் கிளிஞ்சான் வகை மீன்களை ஆராய்ந்து ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார்.

இந்தக் கருத்தின் வேர் இன்னும் பழையது. நார்வேயின் யோஹான் யோர்ட் 1914-இலேயே, மீன்பிடியின் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் முதிர்ந்த மீன்கள் அல்ல, குஞ்சுப் பருவத்தின் முதல் சில நாட்களில் நேரும் இழப்பு என்று எழுதினார். குளிர்கடல் காட் மீனுக்குச் சொன்னதை வெப்பக்கடல் பவள மீனுக்குக் கொண்டுவர எழுபது ஆண்டுகள் ஆயின.

1994-இல் டோஹர்டியும் ஃபௌலரும் வெளியிட்ட முடிவு இந்தத் தரப்பின் உச்சம். பெருந்தடைத் திட்டின் தென்பகுதிப் பார்களில் ஒன்பது ஆண்டு பதிவுசெய்த குஞ்சு வரத்தை வைத்தே, முதிர்ந்த மீன்களின் எண்ணிக்கையில் பாருக்குப் பார் காணப்பட்ட வேறுபாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விளக்கிவிட முடிந்தது. மஞ்சள் நிற டாம்செல் ஒன்றுதான் அந்தச் சான்றின் நாயகன். ஆனால் அது ஒரு மீன், ஒரு பகுதி, எதிரிகள் ஒப்பீட்டளவில் குறைவான சூழல் என்ற எதிர்வாதம் உடனே எழுந்தது.

முதல் இரண்டு நாள்

எதிர்வாதம் வந்த திசை இரைகொள்ளிகள். மார்க் ஹிக்சனும் அவரோடு உழைத்தவர்களும் பஹாமாஸில் நீல குரோமிஸ் மீன்களை வைத்துச் செய்து 1997-இல் வெளியிட்ட சோதனை இத்துறையின் அழகான சோதனைகளில் ஒன்று. பாரிலேயே தங்கும் களவா போன்ற வேட்டை மீன்களும், வெளியிலிருந்து வந்துபோகும் பாறை மீன் போன்ற வேட்டை மீன்களும் இரண்டுமே இருந்தபோதுதான், குஞ்சுகளின் நெருக்கம் கூடக்கூட சாவு விகிதமும் கூடியது. ஒரு வகையை மட்டும் விட்டுவைத்தால் அந்தத் தொடர்பு மறைந்தது. கடலில் எவ்வளவு குஞ்சு வந்தாலும், நெருக்கடி கூடினால் எதிரிகள் சமன்செய்துவிடுவார்கள் என்பது இதன் பொருள். அப்படியானால் வரத்து மட்டும் எதையும் முடிவுசெய்யாது.

பாரில் வந்து இறங்கிய முதல் இரண்டு நாட்களில் மட்டும் குஞ்சுகளில் பாதிக்கு மேல் இறந்துவிடுகின்றன என்று 2006-இல் அல்மனியும் வெப்ஸ்டரும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இது முந்தைய சான்றுகளின் மேலும் நிழல் வீசுகிறது. வாரம் ஒருமுறை எண்ணினால், எண்ணுவதற்கு முன்பே கதை முடிந்திருக்கும். டோஹர்டி ‘வரத்து’ என்று எண்ணியது ஓரளவு உயிர்தப்பியவர்களையே. எந்தத் தரப்பும் இதை முழுதாகச் செரித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

2019-இல் பிராண்டல் உள்ளிட்டோர் இந்தச் சாவையே வேறொரு கண்ணால் பார்த்தார்கள். பொந்துகளில் மறைந்து வாழும் பொடி மீன்கள்தான் பவளத்திட்டில் தின்னப்படும் மீன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தருகின்றன என்றார்கள். கணிப்பு முறை பற்றி உடனே மறுப்பும் வந்தது, எண் மாறலாம். ஆனால் கண்ணில் படாத மீன்களைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு பாரை எடைபோட முடியாது என்ற அளவில் அந்தக் கட்டுரை தன் வேலையைச் செய்துவிட்டது.

குஞ்சு எங்கிருந்து வந்தது?

பவளத்திட்டு மீன்கள் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த லார்வா திறந்த கடலில் மிதந்து திரிகிறது. கோமாளி மீனுக்கு அது பத்து நாளை ஒட்டி, பல டாம்செல்களுக்கு மூன்று வாரத்தை ஒட்டி, வேறு சிலவற்றுக்கு அதற்கும் மேல். பிறகு ஒரு பாரைக் கண்டு இறங்கி, எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழிக்கிறது. நெடுங்காலம் எல்லோரும் இந்த லார்வாக்களை நீரோட்டத்தின் போக்கில் அள்ளிச் செல்லப்படும் துகள்களாகவே எண்ணினார்கள். எந்தப் பாரில் பிறந்த குஞ்சும் அங்கே திரும்பாது. ஒரு பாரின் மீன் அடுத்த பாருக்குச் சொந்தம்.

இதைச் சோதிப்பது கடினம். ஒரு சில மில்லிமீட்டர் லார்வாவைக் கடலில் பின்தொடர முடியாது. ஜெஃப்ரி ஜோன்ஸ் குழு கண்டுபிடித்த வழி செவிக்கல். மீனின் உட்காதில் வளரும் அந்தச் சிறு கல்லில் நாளுக்கொரு வளையம் விழும். பெருந்தடைத் திட்டின் லிசர்ட் தீவைச் சுற்றி ஒரு டாம்செல் இனம் இட்ட முட்டைகளை டெட்ராசைக்ளின் கரைசலில் நனைத்து, ஒரு கோடிக்கும் மேலான கருக்களின் செவிக்கல்லில் ஒளிரும் அடையாளம் பதித்தார்கள். பிறகு தீவுக்குத் திரும்பிய குஞ்சுகளில் 5,000-ஐ ஆராய்ந்தபோது 15-இல் அந்த அடையாளம் இருந்தது. கேட்கச் சொற்பம். ஆனால் தீவின் முட்டைகளில் அடையாளமிட்ட பங்கு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டால், வந்த குஞ்சுகளில் 15 முதல் 60 சதவீதம் அங்கேயே பிறந்தவையாக இருக்கலாம். 1999-இல் இது வெளியானபோது, திறந்த கடல் என்ற படிமம் ஆட்டம் கண்டது. 15-க்கும் 60-க்கும் இடையிலான அகலத்தைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. அந்தச் சிரிப்பு நியாயமானதே. அடையாளமிட்ட ஒரு சில மீன்களிலிருந்து ஒரு தீவின் மீன்தொகையை ஊகிப்பதற்கு விலை உண்டு.

அடுத்த பத்தாண்டில் முறை கூர்மையானது. பப்புவா நியூ கினியின் கிம்பே தீவில் தாய் மீன்களுக்கு அரிய பேரியம் ஐசோடோப்பை ஊசிவழி செலுத்தி, அது முட்டைவழி குஞ்சின் செவிக்கல்லுக்குப் போவதைக் கண்டார்கள். கோமாளி மீனிலும் ஒரு வண்ணத்துப்பூச்சி மீனிலும் வந்த குஞ்சுகளில் அறுபது சதவீதத்தை ஒட்டியவை அந்தச் சிறு தீவிலேயே பிறந்தவை என்று 2007-இல் அல்மனி குழு அறிவித்தது. மரபணுவால் பெற்றோரைக் கண்டறியும் முறையில் 2009-இல் பிளானஸ் குழு மறுபக்கத்தைக் காட்டியது: அதே தீவின் கோமாளிக் குஞ்சுகள் 15 முதல் 35 கிலோமீட்டர் தள்ளியிருந்த பாதுகாப்புப் பகுதிகளுக்கும் போய், அங்கே வந்த குஞ்சுகளில் பத்து சதவீதம் வரை ஆகியிருந்தன. ஆகவே சில வீட்டுக்குத் திரும்புகின்றன, சில தொலைவுக்குப் போகின்றன. கேள்வி ‘திறந்ததா, மூடியதா’ என்பதிலிருந்து ‘எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு பங்கு’ என்பதாக மாறியது.

லார்வாக்கள் வெறும் துகள்கள் அல்ல என்பதும் இதற்குள் தெளிவாகிவிட்டது. ஸ்டோபுட்ஸ்கியும் பெல்வுட்டும் 1997-இல் ஆய்வகத் தொட்டியில் சோதித்தபோது, இறங்கும் பருவ லார்வாக்கள் ஓய்வின்றி சராசரி 40 கிலோமீட்டர் அளவுக்கு நீந்தின. பாரின் இரைச்சலை அவை கேட்டு வருவதாகவும், நீரின் மணத்தை அறிவதாகவும் அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தன. இந்தப் பகுதியில் எச்சரிக்கை தேவை. கடல் அமிலமாவதால் கோமாளி மீன் குஞ்சின் மோப்பம் கெடுகிறது என்று 2009-இல் முண்டே குழு வெளியிட்டது உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. 2020-இல் கிளார்க் குழு இத்தகைய முடிவுகளை மீண்டும் சோதித்துப் பார்த்தபோது பெரிய விளைவு எதுவும் கிடைக்கவில்லை. சர்ச்சை தீரவில்லை. தொட்டியில் பார்த்த நடத்தையைக் கடலுக்கு ஏற்றும்போது எல்லாத் தரப்பும் இன்னும் கொஞ்சம் அடக்கமாகப் பேசலாம்.

பார் கெட்டால்

மேற்சொன்ன விடைகள் எல்லாமே பார் நிலையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அந்த நிலை மாறிவிட்டது. கிம்பே வளைகுடாவில் பவளப் பரப்பு சரிந்தபோது, மீன்பிடி தடைசெய்யப்பட்ட இடங்களிலும் சேர்த்து, முக்கால்வாசி மீன் இனங்களின் எண்ணிக்கை குறைந்தது என்று 2004-இல் ஜோன்ஸ் குழு காட்டியது. கெட்ட பாரின் நீரைக் குஞ்சுகள் விலக்கிப் போவதாக ஃபிஜியில் செய்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அப்படியானால் ஒரு பாரின் மீன் குறைவுக்கு இடம் போனதும் காரணம், வரத்து நின்றதும் காரணம். இரண்டையும் பிரிக்க முடியாமல் போகிறது.

தமிழகத்துக்கு இது மன்னார் வளைகுடா பற்றிய கேள்வி. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் பகுதி 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பவளத்தைக் கல்லாக வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்துப்போன காலம் இந்த அறிவிப்புக்குப் பிறகும் தொடர்ந்தது. பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது 2001-இல்தான். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு இந்தக் கல்லெடுப்பு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. பிறகு வெப்பம் வந்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில், 2016-ஆம் ஆண்டு வெளுத்தலில் மட்டும் உயிர்ப் பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்தை ஒட்டிச் சரிந்தது. இங்கே பார் நிறைந்திருக்கிறதா, காலியா என்று சேலும் டோஹர்டியும் வாதிட்டிருந்தால், முதலில் எந்த ஆண்டுப் பார் என்று கேட்க வேண்டியிருந்திருக்கும்.

கோமாளி மீன் ஏன் விதிவிலக்கு

ஒரு சிறு மீனைத் தனியாக எடுத்துப் பார்ப்பது இங்கே உதவும். நம் கடலுக்கு உரிய கோமாளி மீன் ஆம்ஃபிபிரியான் செபே. 1853-இல் பிளீக்கர் பெயரிட்டது. அரபிக் கரை, இந்தியா, இலங்கை, அந்தமான் முதல் ஜாவா வரை பரவியிருக்கிறது. மற்றக் கோமாளிகளில் பல பத்து வகைக் கடல் சாமந்திகளில் ஏதோ சிலவற்றில் குடியிருக்க, செபே ஒரே ஒரு வகையில்தான் வாழ்கிறது: கம்பளம் விரித்தது போன்ற ஸ்டிகோடாக்டைலா ஹாடோனி. அந்தச் சாமந்தியோ பவளத்தின்மேல் ஒட்டுவதைவிட மணலிலும் கடற்புல் ஓரத்திலும் புதைந்து நிற்பதையே விரும்புகிறது. பவளப்பாறை மீன் என்று புத்தகங்கள் வகைப்படுத்தும் இந்த மீனின் உண்மையான வாழிடம் பாருக்கும் மணலுக்கும் இடைப்பட்டது.

இந்த மீனுக்கு முதல் விடைதான் பெரும்பாலும் சரி. ஒரு சாமந்தியில் ஒரு பெண், ஒரு ஆண், அதற்குக் கீழே வரிசையில் காத்திருக்கும் சிறியவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். வரிசையில் அடுத்தது ஆணாகும். 1977-இல் ஃப்ரிக்கே தம்பதியினர் இந்தப் பால்மாற்றத்தை விவரித்தார்கள். வேறொரு கோமாளி இனத்தில் காத்திருக்கும் மீன்கள் தமக்கு மேலுள்ளதைவிட ஒரு மட்டம் சிறியதாகவே தம் வளர்ச்சியை அடக்கிக்கொள்கின்றன என்று 2003-இல் பஸ்டன் காட்டினார். மிஞ்சினால் துரத்தப்படும். சாமந்தி எத்தனையோ, குடும்பம் அத்தனை. குஞ்சு வரத்து எவ்வளவு கூடினாலும் வீடு கூடாது.

இதே மீனைத்தான் குஞ்சு பொரிக்க வைப்பதும் எளிது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்கள் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் இருந்த பரங்கிப்பேட்டைதான் விழுப்புரத்துக்கு மிக அருகிலுள்ள கடல் ஆய்வு மையங்களில் ஒன்று. வீட்டுத் தொட்டிக்கு வளர்த்த குஞ்சு கடலிலிருந்து பிடிப்பதைக் குறைக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அவற்றைக் கடலில் விட்டால் இனம் பெருகும் என்பது மேலே சொன்ன காரணத்தால் ஐயத்துக்கு உரியது: சாமந்தி இல்லாத இடத்தில் விட்ட கோமாளிக் குஞ்சு களவாவுக்கு இரை. சாமந்தியையும் மீனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும் வணிகம் இருக்கும்வரை, குஞ்சு விடுவதைவிடச் சாமந்தியைக் காப்பதே பயன் தரும் என்று தோன்றுகிறது.

மணல்தரையில் கான்கிரீட்

இப்போது மரக்காணம் பக்கம் வரலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மாநில மீன்வளத்துறையும் தமிழகக் கரையில் இறக்கிவரும் செயற்கைப் பார்கள் முக்கோணம், கிணற்று உறை போன்ற வடிவங்களில் வார்த்த கான்கிரீட் கட்டுமானங்கள். நோக்கங்கள் இரண்டு: சிறு படகுக்காரர்களுக்கு மீன் கிடைக்க வேண்டும், இழுவைமடி கரையோரத் தரையைச் சுரண்டாமல் தடுக்க வேண்டும். இரண்டாவது நோக்கத்தைப் பற்றி வாதம் குறைவு. கான்கிரீட்டில் மாட்டிய இழுவைமடி கிழியும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. வாதம் முதல் நோக்கத்தைப் பற்றியது.

1989-இல் ஜேம்ஸ் போன்சாக் இதை நேரடியாகக் கேட்டார்: செயற்கைப் பாரில் மீன் நெருக்கமாக இருப்பது, இடம் இல்லாமல் இருந்த மீனுக்கு இடம் கிடைத்ததாலா, அல்லது எங்கோ இருந்த மீன் விரும்பி இங்கே வந்ததாலா? அவர் ஒரே விடை தரவில்லை. எந்தச் சூழலில் எது நடக்கும் என்று வகைப்படுத்தினார். இயற்கைப் பார்கள் தொலைவில் இருக்கும் இடத்தில், இடத்துக்கு ஏங்கும், எல்லை வகுக்கும், பாரைவிட்டு அகலாத மீன்களுக்குப் பெருக்கம் நடக்க வாய்ப்பு அதிகம். இயற்கைப் பார்கள் நிறைந்த இடத்தில், குஞ்சு வரத்தே குறைவான, அலைந்து திரியும் மீன்களுக்குத் திரட்டல்தான் நடக்கும். திரட்டிய மீனைப் பிடிப்பது எளிதாகிவிடுவதால் மொத்த இருப்பு குறையவும் கூடும். அமெரிக்காவின் அலபாமா கரையில் ஆயிரக்கணக்கில் இறக்கிய பார்களும் அங்கே கூடிய செப்பிலி வகைப் பிடிப்பும் இந்தத் தகராறை இன்றுவரை சூடாக வைத்திருக்கின்றன.

போன்சாக்கின் வகைப்பாட்டை விழுப்புரம் கரையில் வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரிகிறது. இயற்கைப் பார் தொலைவில் இருப்பதால் இங்கே பெருக்கத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று ஒரு கை சொல்கிறது. ஆனால் இயற்கைப் பார் தொலைவில் இருப்பதாலேயே குஞ்சு வரத்து குறைவு, ஆகவே திரட்டல்தான் என்று மறு கை சொல்கிறது. இரண்டும் ஒரே உண்மையிலிருந்து எதிரெதிர் முடிவுக்குப் போகின்றன. இந்த முரணைத் தீர்க்காமல் செயற்கைப் பார்கள் வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்வது அவசரம்.

தொலைவைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். மண்டபத்திலிருந்து கோடிக்கரையைச் சுற்றி மரக்காணம் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வங்கக் கரையோர நீரோட்டம் ஆண்டின் முற்பகுதியில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. வினாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகம் என்று வைத்தால் ஒரு நாளில் 26 கிலோமீட்டர். பத்து நாள் மிதக்கும் கோமாளி லார்வா 260 கிலோமீட்டர் போகும். மூன்று வாரம் மிதக்கும் டாம்செல் 540 கிலோமீட்டருக்கு மேல். காகிதக் கணக்கில் டாம்செல் வந்து சேரும், கோமாளி சேராது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரைப் பார்கள் மண்டபத்தைவிடக் கிட்ட. புதுச்சேரிக்கு எதிரே முக்குளிப்பவர்கள் அறிந்த பாறைத் தளங்களும் உண்டு. ஆனால் பாக் நீரிணையின் ஆழம் குறைந்த நீரில் நீரோட்டம் இப்படி நேராக ஓடுவதில்லை. லார்வாக்களும் சும்மா மிதப்பதில்லை. எனவே இந்தக் கணக்கை உச்ச வரம்பாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மீனை எண்ணுகிறோம் என்பதும் முடிவை மாற்றும். சிறு படகுக்காரர்கள் பாரின் மேல் தூண்டிலில் எடுப்பது பாறை, சீலா, வஞ்சிரம், செப்பிலி, களவா. முதல் மூன்றும் அலையும் மீன்கள். அவற்றைப் பொறுத்தவரை பார் ஒரு சந்திப்பு இடம். தென்னை, பனை மட்டைகளை மணல் மூட்டையோடு கட்டிக் கடலில் இறக்கி மீனும் கணவாயும் சேரவைக்கும் பழைய வழக்கமும் இதே திரட்டலையே நம்பியது. அதைப் பெருக்கம் என்று யாரும் அழைக்கவில்லை. களவாவும் செப்பிலியும் நடுவில் நிற்கின்றன. உண்மையில் பெருக்கத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவை யாரும் விற்க எடுத்துப்போகாத, கணக்கில் வராத சிறு டாம்செல்களும் பொந்து மீன்களும்தான். வரிக்கோடு போட்ட டாம்செல் வகை தூண்டில் வளைவுக் கற்களுக்கு இடையிலும் குடியேறிவிடும். மிதக்கும் குப்பையோடு சேர்ந்து பயணிக்கும் அதன் குஞ்சுகளுக்குத் தொலைவு பெரிய தடை இல்லை. இப்படிப்பட்ட ஒரு மீன் புதிய பாரில் தலைமுறை தலைமுறையாக முட்டையிடுகிறது என்று காட்டினால், பெருக்கத் தரப்பு தன் முதல் நல்ல சான்றைப் பெறும். மீன் ஏலத் தொகை கூடியது என்று காட்டுவது அந்தச் சான்று ஆகாது.

தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவில் நடந்தது வேறு வகை. அரிப்பில் சுருங்கிப்போன அந்தத் தீவைக் காக்க, துளையிட்ட சரிவக வடிவக் கான்கிரீட் தொகுதிகள் 2015-ஐ ஒட்டித் தொடங்கி இறக்கப்பட்டன. அலையை அடக்குவது அவற்றின் வேலை. மீன் கூடியது பக்க விளைவு. அங்கே இயற்கைப் பார்கள் அருகிலேயே இருப்பதால், திரட்டலா பெருக்கமா என்று பிரித்தறிவது மரக்காணத்தைவிடக் கடினம். செய்திக் குறிப்புகள் இரண்டையும் ஒரே வெற்றியாக எழுதிவிடுகின்றன.

தீராதவை

ஐந்து விடைகளில் எதையும் தூக்கியெறிய முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியவில்லை. சாமந்தியை நம்பி வாழும் செபேவுக்கு இடம் வரம்பு. தனித்த பாரில் வாழும் டாம்செல்லுக்கு வரத்து வரம்பாக இருக்கலாம். எதிரிகள் மிகுந்த பாரில் முதல் இரண்டு நாள் வரம்பு. இவற்றை ‘எல்லாம் ஓரளவு சரி’ என்று சமாதானப்படுத்துவது விடையாகாது. எந்த மீனுக்கு எந்தக் கரையில் எது முதன்மை என்று சொல்ல முடிய வேண்டும்.

நாம் கையில் வைத்திருக்கும் விடைகளில் பெரும்பாலானவை ஹெரன் தீவு, லிசர்ட் தீவு, கிம்பே, பஹாமாஸ் ஆகிய தெளிந்த நீரிலிருந்து வந்தவை. வங்கக் கரையில் தென்பெண்ணையும் சங்கராபரணியும் பாலாறும் மழைக்காலத்தில் சேற்றைக் கொட்டுகின்றன, உப்பு குறைகிறது, நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததுபோல், ஒரே இரவில் கரையோரத் தரை முழுதும் குலுங்கும் ஆண்டுகளும் உண்டு. இத்தகைய கடலில் சேலின் குலுக்கலுக்கு, அவர் நினைத்ததைவிட வலுவான இடம் இருக்கலாம். இது ஊகம், ஆனால் சோதிக்கத்தக்க ஊகம்.

சோதனை பெரிய செலவு கேட்காது. மன்னார் வளைகுடாவிலும் யாழ்ப்பாணக் கரையிலும் செயற்கைப் பார்களிலும் ஒரே டாம்செல் இனத்தின் குஞ்சுகளையும் முதிர்ந்தவற்றையும் ஒரே பருவத்தில் எடுத்து, செவிக்கல்லின் வளையங்களை எண்ணினால் அவை எத்தனை நாள் மிதந்தன என்று தெரியும். மரபணுவை ஒப்பிட்டால் எங்கிருந்து வந்தன என்று தெரியும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் இழுவைப் படகுகள் கரையில் நிற்பதால், புதிய பார்களில் குஞ்சு இறங்குவதை இடையூறின்றி எண்ணவும் வாய்ப்பு உண்டு. எல்லைக் கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள ஆய்வாளர்கள் ஒரே மாதிரியை ஒரே முறையில் எடுக்க வேண்டும் என்பது மட்டுமே இதில் கடினமான பகுதி.